சமூகம், நீதி, நான்: மலையக மாணவர் பிரதிபலிப்புக் கட்டுரை எழுதும் முறை

கல்வியியற் கல்லூரியிலோ பல்கலைக்கழக முதலாம் ஆண்டிலோ ‘என் சமூகமும் நீதியும் என் விழுமியங்களும்’ என்று ஓர் ஒப்படை வந்துவிட்டால், நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே மாதிரித் தொடங்குகிறார்கள்: “இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டுக்காக வியர்வை சிந்திய எம் மக்கள்...” சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எழுதியவர் நோர்வூட்டா பசறையா, அம்மா கொழுந்து எடுக்கிறாரா, கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறாரா, எதைப் பார்த்து இந்தப் பிள்ளைக்கு நெஞ்சு எரிந்தது என்று கடைசி வரி வரைக்கும் தெரியாது. மேடையில் யாரும் பேசக்கூடியதையே எழுதிக் கொடுத்திருப்பார். அந்தக் கட்டுரைக்குப் புள்ளி குறைவது சின்ன விஷயம். தன் வாழ்க்கையை ஒருமுறை ஊன்றிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போவதுதான் பெரிய இழப்பு.

கீழே சொல்வது 1,200 முதல் 1,500 சொல் வரையான கட்டுரைக்கு, இரண்டு வார அவகாசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு.

ஒரு விஷயம், ஒன்றே ஒன்று

முதல் நாள் வெள்ளைத் தாளில், கடந்த ஓராண்டில் “இது சரியில்லையே” என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டவற்றை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். பத்து வந்தால் போதும். ‘வறுமை’, ‘பாகுபாடு’ போன்ற சொற்கள் அந்தப் பட்டியலில் வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் தோட்டத்து ஆபிசில் கிடந்து பிந்தி வந்தது. மழை நாளில் நிறுவையில் கழித்த கிலோ. தங்கச்சிக்கு டியூசன் இல்லை, தம்பிக்கு உண்டு. திருவிழாவில் தப்படிக்கும் குடும்பத்துக்குக் கமிட்டியில் இடமில்லை. பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் மட்டும் நீட்டிய படிவம். இப்படி இருக்கவேண்டும்.

பிறகு ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியால் வடிகட்டுங்கள். நான் கண்ணால் பார்த்தேனா? அதைப் பற்றி எழுத்தில் ஏதாவது (சீட்டு, கடிதம், சட்டம், வர்த்தமானி) கிடைக்குமா? அந்த விஷயத்தில் நான் எங்கேயாவது நிற்கிறேனா, பாதிக்கப்பட்டவராகவோ பயன்பெற்றவராகவோ வாய்மூடி இருந்தவராகவோ? மூன்றுக்கும் ஆம் என்றால் அதை எடுங்கள். இரண்டு விஷயம் தேறினால் சின்னதை எடுங்கள். பெரியது எப்படியும் அதன் வழியாக உள்ளே வரும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது மூன்றாவது கேள்வியில்தான். தான் எங்கும் நிற்காத விஷயத்தை எழுதினால் அது செய்தி அறிக்கை ஆகிவிடும்.

சம்பளச் சீட்டை வாசிக்கும் விதம்

உதாரணத்துக்கு நிறுவையை எடுப்போம். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் யாரும் இதைச் சரியாக எழுதுவதில்லை.

மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு)ப் போய் நில்லுங்கள். காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை நடக்கும். சாக்கைத் தராசில் வைத்ததும் என்ன எண் காட்டுகிறது, கணக்கப்பிள்ளை என்ன எண் எழுதுகிறார் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கழிவு: சாக்கின் எடை, இலையில் ஒட்டிய ஈரம் என்று காரணம் சொல்லப்படும். ஒரு நிறுவைக்கு 2 கிலோ கழித்தால் மூன்றுக்கு 6 கிலோ. நாளுக்கு 18 கிலோ எடுக்கவேண்டும் என்று கேட்கும் தோட்டத்தில் (இந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், உங்கள் தோட்டத்து அளவைக் கேட்டு எழுதுங்கள்) ஒருவர் 21 கிலோ பறித்திருந்தாலும் ஏட்டில் 15 தான் நிற்கும். 15 கிலோவுக்கு முழுப் பேர் (முழு நாட்சம்பளக் கணக்கு) விழாது, அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்.

இதைச் சம்பளச் சீட்டோடு பொருத்திப் பாருங்கள். 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயித்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் 1,350 ரூபாய் ஆனது. நீங்கள் எழுதும் மாதத்தில் எவ்வளவு என்பதைச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை ஒன்றுதான். 1,350 ரூபாய்ப்படி 20 முழுப் பேர் என்றால் 27,000. அதில் நான்கு நாள் அரைப் பேர் என்றால் 24,300. அத்தோடு நிற்காது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளியிடமிருந்து குறைந்தது 8 சதவீதம், தொழில்கொள்வோரிடமிருந்து 12 சதவீதம், ஆக 20 சதவீதம் போகவேண்டும். 27,000க்கு அது 5,400 ரூபாய், 24,300க்கு 4,860. மடுவத்தில் கழிந்த கிலோ, அம்மா ஓய்வுபெறும் நாளில் கைக்கு வரவேண்டிய காசிலும் மாதத்துக்கு 540 ரூபாயைக் குறைத்திருக்கிறது. தொழில்கொள்வோர் தனியாகச் செலுத்தும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதியும் அதே விகிதத்தில் குறையும்.

‘சுரண்டல்’ என்ற சொல்லைப் பத்து முறை எழுதுவதைவிட இந்த ஒரு பந்தி வலிமையானது. வாசிப்பவர் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம்.

சீட்டின் மறுபக்கத்தையும் விடாதீர்கள். சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் பணம், தேயிலைத்தூள் என்று பிடித்தவை வரிசையாக இருக்கும். எது அம்மா விரும்பிக் கொடுத்தது, எது கேட்காமல் பிடித்தது என்று அவரிடமே கேட்டுப் பிரித்து எழுதுங்கள். சில வரிகளுக்கு அவருக்கே விளக்கம் தெரியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்பதையும் கட்டுரையில் பதியுங்கள். தன் சம்பளத்தில் என்ன பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு மனுஷி முப்பது வருஷம் வேலை செய்வதும் நீதி பற்றிய விஷயம்தான்.

எதிர்ப்பக்க வாதத்தையும் நேர்மையாக எழுதவேண்டும். மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தண்ணீரை நிறுத்துக் காசு கொடுத்தால் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கணக்கு இடிக்கும். இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் கேள்வி கூர்மையாகும்: வெயில் காய்ந்த நாளிலும் அதே 2 கிலோவா கழிகிறது? எவ்வளவு கழிப்பது என்று யார், எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? அந்த எழுத்தைக் கொழுந்து எடுப்பவர் பார்க்க முடியுமா? விதி இருக்கிறதா, அது எல்லோருக்கும் ஒன்றா, பாதிக்கப்படுகிறவர் அதைக் கேள்வி கேட்க வழி உண்டா? இந்த மூன்றையும் எந்த விஷயத்திலும் கேட்டுப் பாருங்கள். நீதி பற்றிய பெரிய பாடநூல் விவாதங்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

ஆண்டுகளை எங்கே சேர்ப்பது

வரலாற்றை முன்னுரையில் மூட்டையாக இறக்கவேண்டாம். எடுத்த விஷயத்துக்குக் காரணமான ஆண்டு மட்டும், காரணம் சொல்லும் இடத்தில் வரட்டும்.

வாக்குரிமையோ அடையாள அட்டையோ உங்கள் விஷயம் என்றால், 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றதிலிருந்து தொடங்கலாம். அடுத்தது நம் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது; மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டன. 1988, 2003 சட்டங்களோடுதான் நாடற்றவர் என்ற நிலை தீர்ந்தது. இவை எல்லாவற்றையும் எழுதவேண்டியதில்லை. உங்கள் தாத்தா 1964 கணக்கில் எந்தப் பக்கம் விழுந்தார், அவருடைய தம்பி எந்தப் பக்கம் விழுந்தார் என்று தெரிந்தால் அந்த ஓர் ஆண்டே போதும்.

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் போகும் பாதையைப் பற்றி எழுதினால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் தேடி வாசியுங்கள். 2018இல் திருத்தும்வரை, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட அந்தப் பிரிவு தடையாக நின்றது. வோட்டு வாங்கிய சபை ஏன் முப்பது வருஷமாக ஒரு கல் கூடப் போடவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே கிடைக்கும். மீதிப் பாதியை 2018க்குப் பிறகு என்ன நடந்தது என்று போய்ப் பார்த்து எழுதவேண்டும்.

முல்லோயா கோவிந்தன், டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் ஆகியோரின் பெயர்களை அலங்காரத்துக்கு இழுக்காதீர்கள். 1940இல் ஒருவரும் 1977இல் மற்றவரும் பொலிஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தவர்கள். சங்கம் சேரும் உரிமையையோ காணியையோ பற்றி எழுதும்போது அவர்கள் வரட்டும். மற்ற இடத்தில் வந்தால் அவர்களுக்கும் மரியாதை இல்லை.

அரசாங்க அலுவலகத்தில் இருக்கும் தகவல் தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதும் இல்லை. தகவல் உத்தியோகத்தர் தருகிறேன், தரமாட்டேன் என்று முடிவு சொல்லவே 14 வேலைநாள் எடுக்கலாம். அதனால் இரண்டு வார ஒப்படைக்கு இந்த வழி பயன்படாது. ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் முதல் வாரமே போட்டுவிடவேண்டும். “எங்கள் பகுதிக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். “2023இல் இன்ன வட்டாரத்தில் பாதைத் திருத்தத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, வேலை நடந்த பாதைகளின் பெயர்” என்று கேளுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

“உங்களுக்கு அநீதி நடந்ததா?” என்று கேட்டால் “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நம்ம தலையெழுத்து” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆண்டு கேட்டாலும் வராது. நடந்ததைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். “அப்பாயி, எழுபத்து மூணு எழுபத்து நாலு பஞ்சத்துல நம்ம லயத்துல என்ன சாப்பிட்டாங்க?” “பிரஜாவுரிமப் பத்திரம் கைக்கு வந்தப்ப அம்மாவுக்கு என்னா வயசு?” “மொத மொத வோட்டுப் போட எந்த ஸ்கூலுக்குப் போனீங்க?” பேச்சு தானாக விரியும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கவேண்டாம். அந்தி வேலை முடிந்து வந்தவருக்கு அடுப்பு காத்திருக்கும். கூடவே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. ஃபோனில் பதிவதானால் கேட்டுவிட்டுப் பதியுங்கள். அவர் சொன்ன சொல்லை எழுத்துத் தமிழாக்கித் திருத்தவேண்டாம்.

நம் பக்கத்தைப் பார்ப்பது

கஷ்டமான பகுதி இதுதான். இது இல்லாவிட்டால் அது பிரதிபலிப்புக் கட்டுரையே இல்லை.

துரையையும் கம்பனியையும் அரசாங்கத்தையும் பற்றி எழுதக் கை தயங்காது. தோட்டத்துக்குள் நாம் ஒருவருக்கு ஒருவர் செய்வதை எழுதும்போதுதான் பேனா நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் 1984இல் சமமானது. ஆனால் சில்லறை வேலைக்குப் போன ஆண்கள் பகலோடு வீடு திரும்பும் தோட்டங்களில், கொழுந்து எடுக்கும் பெண்கள் அந்தி நிறுவை முடிந்துதான் வருகிறார்கள். வந்து பீலிக்குப் போய்த் தண்ணீரும் பிடிக்கிறார்கள். சம்பள நாளில் அம்மாவின் காசு யார் கையில் இருக்கிறது? சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர், தோட்டக் கமிட்டித் தலைவராக வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்? சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற வீட்டில் இருந்துகொண்டு சமத்துவம் பற்றி எழுதுவதென்றால் அந்த வீட்டையும் எழுதத்தான் வேண்டும்.

மாணவர் தன்னையும் இதில் நிறுத்தவேண்டும். அண்ணன் உயர்தரம் படிக்க அக்கா பத்தாம் வகுப்போடு கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போன வீடுகள் எத்தனையோ. அப்படிப் படித்து வந்தவர் நீங்கள் என்றால், உங்கள் கட்டுரையின் நடுப்பகுதி அக்காவின் மாதச் சம்பளத்திலிருந்து உங்கள் வகுப்புக் கட்டணத்துக்கு வந்த தொகைதான். குற்ற உணர்வில் புலம்பவேண்டாம். தொகை, எத்தனை வருஷம், அவர் என்ன விட்டுக்கொடுத்தார் என்று எழுதினால் போதும். வாசிப்பவருக்குப் புரியும்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் மறக்கவேண்டாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டமுடியாத காணிகளை முடிக்குரியவை ஆக்கியபோது கண்டிக் கிராமத்தவர்களும் சேனை நிலத்தையும் காட்டையும் இழந்தார்கள்; அதே நிலத்தில் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் வந்தன. நம் ஆட்கள் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே இடத்தில் காயம் இருக்கிறது என்று தெரிந்து எழுதுகிறவரின் கோபம் சரியான திசையில் போகும்.

விழுமியத்தை எழுதுவது

“நேர்மை, சமத்துவம், மனிதநேயம் என் விழுமியங்கள்” என்ற வரியை எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். அதை மறுப்பவர் யாரும் இல்லை, ஆகவே அந்த வரி எதையும் சொல்லவில்லை. விழுமியம் என்றால் அதற்காக நீங்கள் எதையாவது இழக்கத் தயாராக இருக்கவேண்டும். இழப்பது என்ன என்று எழுதுங்கள்.

கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்கள். ஊர் எது என்று கேட்டால் ‘நுவரெலியா’ என்று சொல்லி நிறுத்தலாம், தோட்டத்தின் பெயரையும் சொல்லலாம். எதைச் சொல்வீர்கள், சொன்னால் என்ன போகக்கூடும்? சங்கத் தலைவரின் கடிதம் இருந்தால் வேலை நிச்சயம், ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். வாங்குவீர்களா? ஆசிரியராக நியமனம் கிடைத்தபின் ஹட்டன் நகரப் பாடசாலைக்கு மாற்றம் கேட்பீர்களா, பஸ் போகாத தோட்டப் பாடசாலையில் ஐந்து வருஷம் இருப்பீர்களா? பதில் எதுவானாலும் சரி. “மாற்றம் கேட்பேன், காரணம் அம்மாவின் வைத்தியச் செலவு” என்பதும் நேர்மையான விழுமிய எழுத்துதான். செய்யமாட்டாததைச் செய்வேன் என்று எழுதுவதுதான் கூடாது.

ஒருவருக்கு இரண்டு விழுமியம் ஒன்றோடொன்று மோதும் இடம் கிடைத்துவிட்டால் கட்டுரை அங்கேயே எழுந்து நிற்கும். அம்மாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், தோட்டப் பிள்ளைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன், இரண்டையும் ஒரே சம்பளத்தில் செய்யமுடியாது. இந்த மோதலைத் தீர்த்துவைக்க அவசரப்படவேண்டாம்.

எழுதும்போது

1,500 சொல்லில் 400 சொல்லைப் பார்த்ததற்குக் கொடுங்கள், 400ஐ அதன் கணக்குக்கும் காரணத்துக்கும். எதிர்ப்பக்கத்துக்கு 150 போதும். நம் பக்கத்துக்கும் உங்களுக்குமாக 350. மீதியில் விழுமியம். முன்னுரை எழுதவே வேண்டாம். மடுவத்தில் தராசு காட்டிய எண்ணோடு தொடங்கலாம்.

சொற்களில் வெட்கப்படாதீர்கள். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), மடுவம், அரைப் பேர், இஸ்தோப்பு, பீலி, கவ்வாத்து எல்லாம் நம் தமிழ். விரிவுரையாளர் யாழ்ப்பாணத்தவரோ கிழக்கு மாகாணத்தவரோ என்றால், முதல்முறை வரும் இடத்தில் அரை வரி விளக்கம் கொடுத்துவிட்டு அப்படியே தொடருங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் ஒருநாள் தள்ளிவைத்து, சிவப்புப் பேனாவால் ‘மக்கள்’, ‘சமூகம்’, ‘அவலம்’, ‘விடிவு’ ஆகிய சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் யார், எது, எவ்வளவு என்று மாற்றமுடியுமா பாருங்கள். முடியாத வாக்கியத்தைத் தூக்கிவிடுங்கள். இருநூறு சொல் குறையும். அந்த இடம் உங்களுக்குத் தேவைப்படும். பெற்றோரைப் ‘பாவம்’, ‘அப்பாவி’ என்று எழுதிய இடங்களையும் இதே நேரத்தில் பாருங்கள். ஒரு சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த மனுஷிக்கு அந்தச் சொற்கள் பொருந்தாது.

அடுத்து, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “இதப் போடாத” என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். கட்டுரைக்கு எவ்வளவு நல்ல வரியானாலும் சரி. தோட்டம் சின்ன இடம், பேச்சு ஆபிசுக்குப் போய்ச் சேர ஒருநாள் போதும், பதில் சொல்லவேண்டியவர் அங்கே மறுநாள் பெரட்டுக்குப் போகவேண்டிய அம்மாதான். பெயரை மாற்றினால் மட்டும் பாதுகாப்பு ஆகாது. டிவிசன் பெயர், லயத்து இலக்கம், கணக்கப்பிள்ளையின் அடையாளம், எத்தனை பிள்ளைகள் என்ற விவரம் ஆகியவை சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். சம்பளச் சீட்டைப் படமெடுத்து இணைத்தால் பெயர், சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கறுப்புத் தாளால் மறைத்துப் புதிதாக ஒரு படம் எடுங்கள். ஃபோனில் பேனாக் கோடு போட்டு மறைத்தால் அதன் கீழே எழுத்து சிலவேளை தெரியும். ஒப்படையைக் கொடுத்தபின் ஃபோனில் இருக்கும் மூலப் படத்தையும், வேண்டாம் என்று அவர் சொன்ன குரல் பதிவையும் அழித்துவிடுங்கள்.